முகம் நின்றது, பெயர் ஓடியது

"எனக்குச் சரியாத்தானே தெரியுது, மிஸ்."

இணையத்தள வேலைக்கு வந்த முதல் கிழமையிலேயே உங்களில் எப்படியும் ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். சொன்னவர் நிம்மதியாகத் தேத்தண்ணி குடிக்கப் போவார். எனக்குத்தான் கதிரையில் இருப்புக் கொள்ளாது. எழும்பிப் போய் வேறொரு கணினியில், வேறொரு உலாவியில் அதே பக்கத்தைத் திறந்து பார்த்தால்தான் மூச்சுச் சீராகும். ஓய்வு பெற்ற பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. போன மாதம் மகள் தன் பிள்ளையின் பள்ளிக்கூடத் தளத்தில் ஓடிய விளையாட்டுப் போட்டிப் படங்களைக் காட்டினாள். ஒருமுறை அவளுடைய கைபேசியில் பார்த்தேன். பிறகு மருமகனின் கைபேசியை வாங்கி இன்னொருமுறை பார்த்தேன். "அம்மா, படம் மாறாது. அதே படம்தான்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணத்தை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

சமாதானம் வந்து வன்னிக்குப் பாதை திறந்த பிறகு வவுனியாவில் கணினி வகுப்பு நடத்துவதை விட்டுவிட்டுக் கிளிநொச்சிக்கு வேலைக்குப் போனேன். புனர்வாழ்வு வேலைகள் செய்த ஓர் அலுவலகம். பள்ளிக்கூடக் கட்டடம், குளக்கட்டுத் திருத்தம் என்று நடக்கிற வேலைகளை வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் காட்ட ஓர் இணையத்தளம் வைத்திருந்தார்கள். அதைக் கவனிப்பதுதான் என் பொறுப்பு. மின்சாரம் ஜெனரேற்றர் ஓடுகிற நேரம் மட்டும். இணையம் கூரையில் இருந்த செய்மதித் தட்டின் தயவில். மழை இருட்டினால் அதுவும் இல்லை.

எங்கள் பணிப்பாளர் முன்பு பள்ளிக்கூட அதிபராக இருந்தவர். தளத்தின் முதற்பக்கத்தில் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, தானாக மாற வேண்டும் என்பது அவருடைய ஆசை. "சட்டெண்டு மாறக்கூடாது பிள்ளை. ஒண்டு கரைஞ்சு மற்றது வரவேணும்" என்பார். அந்தக் கரைகிற வித்தை அப்போது எக்ஸ்ப்ளோரர் உலாவியில் மட்டும்தான் இருந்தது. அதனால் ஸ்லைட் ஷோவுக்கான நிரலில் இரண்டு வழி வைத்திருந்தோம். எக்ஸ்ப்ளோரர் என்றால் கரைந்து வரும் வழி. வேறு எந்த உலாவி என்றாலும் சாதாரணமாக மாறும் வழி. எங்கள் அலுவலகத்தில் எல்லாக் கணினியிலும் எக்ஸ்ப்ளோரர்தான் இருந்தது. இரண்டாவது வழியை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. குளக்கட்டுப் படம் எப்படி மாறினால் என்ன?

பிறகு கடல் வந்தது.

முல்லைத்தீவுக் கரையில் சுனாமிக்குத் தப்பியவர்களை உள்ளே இருந்த பள்ளிக்கூடங்களில் தங்க வைத்திருந்தார்கள். யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வெளிநாட்டில் இருந்த பிள்ளைகளின் தொலைபேசி இலக்கங்கள் வீட்டோடு போய்விட்டன. அங்கிருந்து இங்கே எடுக்கவும் இலக்கம் இல்லை. அப்போது றிஸ்வான் ஒரு யோசனை சொன்னார். அவர் முல்லைத்தீவில் ஸ்ரூடியோ வைத்திருந்தவர். சின்ன வயதில் குடும்பத்தோடு புத்தளத்துக்குப் போக நேர்ந்து, சமாதானம் வந்தபிறகு திரும்பி வந்து, ஊரில் கடை போட்டிருந்தார். அந்தக் கடையையும் கடல் கொண்டுபோய்விட்டது. கையில் இருந்த டிஜிற்றல் கமரா மட்டும் மிச்சம்.

"மிஸ், நான் முகாம் முகாமாப் போய் ஆக்களைப் படம் எடுத்துத் தாறன். நீங்கள் பேரோட உங்கட வெப்சைற்றில போடுங்கோ. பிள்ளையள் அங்க இருந்து பாக்குங்கள்தானே."

போட்டோம். குளக்கட்டுப் படங்கள் இருந்த அதே ஸ்லைட் ஷோவில், 'நலமாக இருப்பவர்கள்' என்ற தலைப்பின் கீழ், ஒரு முகமும் அதற்குக் கீழே பெயரும், எந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார் என்பதும். சில கணினிகளில் தமிழ் எழுத்து பெட்டி பெட்டியாகத் தெரியும் என்பதால் பெயரை ஆங்கில எழுத்திலும் போட்டோம். முகங்கள் கரைந்து கரைந்து வந்தன. பணிப்பாளர் பின்னால் நின்று பார்த்துக் கண்ணைத் துடைத்தார். தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. அழுகையும் நன்றியுமாக. அந்த நாட்களில் நான் சாப்பிட்டதுகூட ஞாபகம் இல்லை, அப்படி ஓடினோம்.

ஜனவரி முடிகிற நேரம் நோர்வேயிலிருந்து ஒருவர் தொலைபேசி எடுத்தார்.

"தங்கச்சி, அண்ணேன்ர படத்தைக் கண்டனான். அண்ணைதான், சந்தேகம் இல்லை. ஆனா கீழ ஒரு பொம்பிளைப் பிள்ளையின்ர பேர் கிடக்கு."

நான் உடனே பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அவருடைய அண்ணனின் முகம். கீழே அண்ணனின் பெயர். சரியாக இருந்தது.

"இல்லை அண்ணை, பேர் சரியாத்தான் கிடக்கு. வடிவாப் பாருங்கோ."

"நான் வடிவாத்தான் பாக்கிறன். எனக்கென்ன கண் தெரியாதே?"

அவர் பதற்றத்தில் குழம்பிவிட்டார் என்று நினைத்தேன். அண்ணன் ஒட்டுசுட்டான் பள்ளிக்கூடத்தில் பத்திரமாக இருக்கிறார் என்று சொன்னேன். அவருக்கு அது போதும். வைப்பதற்கு முன் இன்னொன்று சொன்னார். "எங்கட ஊர் மாமி ஒராளின்ர பேரும் வந்தது. பாத்தா அது ஆரோ கிழவன். சரி, பேரை மாறிப் போட்டிருக்கினம், மாமியைப் பற்றி ஒண்டும் தெரியாதாக்கும் எண்டு விட்டிட்டன்."

அந்தக் கடைசி வசனம் என் காதில் விழுந்தது. மனதில் விழவில்லை.

அடுத்த நாள் லண்டனிலிருந்து ஒரு பெண் எடுத்து அதையே சொன்னார். முகம் ஒன்று, பெயர் வேறொன்று. இந்த முறை எனக்குள் ஏதோ இடறியது.

"அக்கா, நீங்கள் இன்ரநெற் பாக்கிறதுக்கு எதை அமத்திறனீங்கள்? நீல நிறத்தில 'e' எழுத்து ஒண்டு கிடக்குமே, அதோ?"

"இல்லை. ஒரு நரி படுத்திருக்கிற மாதிரிக் கிடக்கும். மகன் புதுசாப் போட்டுத் தந்தவன்."

பயர்பொக்ஸ் வெளிவந்து அப்போது கொஞ்ச நாள்தான். வெளிநாட்டில் பிள்ளைகள் எல்லோரும் தாய் தகப்பனின் கணினியில் அதைப் போட்டுக் கொடுத்துக் கொண்டிருந்தார்கள். நானும் அதை இறக்கினேன். செய்மதி இணைப்பில் இறங்கி முடிவதற்குள் எழும்பி நடந்து, இருந்து, திரும்பவும் எழும்பி நடந்தேன். என் கணினியில் இருந்த தளத்தின் பிரதியை அதில் திறந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக ஓடியது. முகத்துக்கு உரிய பெயர். பெயருக்கு உரிய முகம். ஒரு பிழையும் இல்லை.

இந்த இடத்தில்தான் உங்களில் பலர் நிறுத்திவிடுவீர்கள். நானும் நிறுத்தப் பார்த்தேன். ஆனால் இரண்டு நாட்டில் இருக்கிற சனம், ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள், ஒரே பொய்யை ஏன் சொல்ல வேண்டும்? அப்போதுதான் உறைத்தது: நான் பார்ப்பது என் கணினிக்குள்ளேயே கிடக்கும் படங்களை. அவை கண்ணிமைக்கிற நேரத்தில் வந்துவிடும். அவர்கள் பார்ப்பது வெளியிலிருந்து ஊர்ந்து வருகிற படங்களை. உலாவி சேர்த்து வைத்திருந்த படங்களை அழித்துவிட்டு, தளத்தை வெளியார் திறப்பது போல எங்கள் மந்தமான இணைப்பிலேயே திறந்தேன்.

ஒரு வயதான மீனவரின் முகம் வந்தது. கீழே அவருடைய பெயர். மாற வேண்டிய நேரம் வந்ததும் பெயர் மாறியது. முகம் மாறவில்லை. அடுத்த படம் இன்னும் வழியில் இருந்தது. அந்தப் பெரியவரின் நரைத்த தாடிக்குக் கீழே 'தர்சினி' என்று நின்றது. பிறகு தர்சினியின் முகம் வந்து சேர்ந்தது. அதற்குள் பெயர் அடுத்த ஆளுக்குப் போய்விட்டது. ஒவ்வொரு முகமும் இன்னொருவரின் பெயரைச் சுமந்துகொண்டு போயிற்று.

எக்ஸ்ப்ளோரருக்கு எழுதிய வழியில் படம் வந்து சேரும்வரை பெயரும் காத்திருந்தது. மற்ற வழியில் பெயர் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. குளக்கட்டுக்கு ஒன்றும் ஆகாத பிழை.

றிஸ்வான் பக்கத்தில் நின்றார். "அல்லாவே, இது எத்தினை நாளா இப்பிடி?"

"துவக்கத்தில இருந்து."

நிரலைத் திருத்தலாம். அது பெரிய வேலை இல்லை. ஆனால் திருத்தியது வேறு ஏதாவது உலாவியில், வேறு ஏதாவது இணைப்பில் எப்படி நடந்துகொள்ளும் என்று எனக்குத் தெரியாது. சோதித்துப் பார்க்க ஆயிரம் கணினியும் என்னிடம் இல்லை. ஸ்லைட் ஷோவை முழுதாக எடுத்து எறிந்தேன். அசையாத ஒரு நீளப் பக்கம். ஒரு பெட்டிக்குள் ஒரு முகமும் அதன் பெயரும். படம் வராவிட்டால் வெறும் பெட்டியும் பெயரும் தெரியும். வேறொருவரின் முகம் அதற்குள் வரவே முடியாது. றிஸ்வான் ஒவ்வொரு படமாகப் பார்த்து "ஓம், ஓம், இவர்தான்" என்று சொல்லச் சொல்ல நான் அடுக்கினேன். அழகில்லாத பக்கம். என் தொழிலில் நான் செய்ததில் நல்ல பக்கம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

வேலை முடிந்தது என்று நினைத்துத் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினேன். குடிக்க முடியவில்லை. நோர்வேக்காரரின் கடைசி வசனம் அப்போதுதான் மனதில் வந்து விழுந்தது. "விட்டிட்டன்."

யோசித்துப் பாருங்கள். தெரிந்த முகத்தைக் கண்டவர் பெயர் பிழை என்று எங்களுக்கு எடுப்பார். தன் தாயின் பெயரைக் கண்டு, மேலே யாரோ ஒருத்தியின் முகத்தைப் பார்த்தவர் என்ன செய்வார்? இது வேறு ஆள், என் அம்மாவின் பெயருள்ள இன்னொருத்தி என்று மூடிவிட்டுப் போவார். எங்களுக்கு எடுக்கமாட்டார். திரும்பவும் பார்க்கமாட்டார். பக்கத்தைத் திருத்தியதால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. எங்களைத் திட்டியவர்கள் அல்ல, திட்டாமல் போனவர்கள்தான் எங்கள் பிரச்சினை.

பணிப்பாளரிடம் போனேன். தளத்தின் தலையிலேயே பெரிதாக ஓர் அறிவித்தல் போட வேண்டும், வானொலிகளுக்கும் சொல்ல வேண்டும் என்றேன். படங்களும் பெயர்களும் மாறித் தெரிந்திருக்கின்றன, பார்த்துவிட்டுப் போனவர்கள் தயவுசெய்து திரும்பவும் பாருங்கள் என்று.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "பிள்ளை, நீர் சொல்லுறது விளங்குது. ஆனா சரியாப் பாத்த ஆக்கள் எத்தினை பேர் இருப்பினம்? மகனைக் கண்டு, அப்பாடா எண்டு படுத்த ஆக்கள். அவையெல்லாம் இதை வாசிச்சுப்போட்டு என்ன பாடுபடுவினம்? நாங்கள் குடுத்த நிம்மதியை நாங்களே பறிக்கிறதோ?"

அவர் சொன்னது சும்மா சாட்டு இல்லை. எனக்கு அது தெரிந்தது.

"சேர், பயந்த ஆக்கள் எங்களுக்கு எடுப்பினம். எடுத்தா நாங்கள் பதில் சொல்லலாம். விட்டிட்டுப் போன ஆக்கள் எடுக்கமாட்டினம். அவைக்கு நாங்கள்தான் சத்தம் போடவேணும்."

அவர் யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. பிறகு திரும்பினார். "எழுதும். ஆனா கீழ நிர்வாகம் எண்டு போடாதையும். என்ர பேரைப் போடும். ஏசுற சனத்துக்கு ஏச ஒரு ஆள் வேணும்."

ஏசினார்கள். அவர் பயந்ததும் அப்படியே நடந்தது. கனடாவிலிருந்து ஒரு தகப்பன், மகனைச் சரியாகவே பார்த்தவர், "இப்ப என்ர பிள்ளை இருக்கிறானோ இல்லையோ, ஒரு முடிவைச் சொல்லுங்கோ" என்று கத்தி அழுதார். அவருக்காக றிஸ்வான் மழைக்குள் மோட்டார் சைக்கிளில் போய் மகனைக் கண்ணால் கண்டுவிட்டு வந்து தொலைபேசியில் சொன்னார். அப்படி எத்தனை தடவை போய் வந்தார் என்று அவருக்கே தெரியாது. பணிப்பாளர் ஒவ்வொரு ஏச்சையும் "ஓம், எங்கட பிழைதான்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொரு பெயருக்கும் ஊரையும், தகப்பன் அல்லது கணவன் பெயரையும் சேர்த்துக்கொண்டிருந்தேன். அதை முதலே செய்திருக்க வேண்டும்.

விட்டுப்போன ஆள் ஒருவர்கூட எடுக்கவில்லை. ஒரு நாள் போனது, இன்னொரு நாள் போனது. சும்மா சனத்தைக் கலக்கிவிட்டேனோ என்று எனக்குப் பட்டது. பணிப்பாளர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

பிறகு சுவிஸிலிருந்து வதனி என்ற பெண் எடுத்தார். குரல் தட்டையாக, களைத்துப்போய் இருந்தது.

"உங்கட அறிவித்தலை இஞ்ச றேடியோவில வாசிச்சவை. அம்மாவின்ர பேர் பரமேஸ்வரி. முந்தி உங்கட வெப்சைற்றில பாத்தனான். அந்தப் பேரில இருந்தது ஒரு இளம் பிள்ளை. அதுக்குப் பிறகு நாங்கள் தேடேல்லை. இஞ்ச கோயில்ல செய்ய வேண்டியதெல்லாம் செய்து முடிச்சிட்டம்."

ஊரைக் கேட்டேன். முல்லைத்தீவுக் கரை. தகப்பன் பெயரைக் கேட்டேன். பக்கத்தில் தேடினேன். ஒட்டுசுட்டான் பள்ளிக்கூடத்தில் ஒரு பரமேஸ்வரி இருந்தார். அதே ஊர். அதே கணவன் பெயர்.

"அக்கா, இப்ப பக்கத்தைத் திறந்து பாருங்கோ. நடுவில வரும்."

சுட்டியை அமத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "அம்மா மாதிரித்தான் கிடக்கு" என்றார். "ஆனா எனக்கு உங்கட படத்தில நம்பிக்கை இல்லை. குறை நினைக்காதேங்கோ. குரலைக் கேட்டாத்தான் நம்புவன்."

குறை நினைக்க எனக்கு என்ன இருந்தது?

அடுத்த நாள் காலையில் அவரைத் தொலைபேசிக்குக் கூட்டிவர வான் ஒன்று கிடைத்தது. ஆளை அனுப்பிவிட்டு நான் அலுவலகத்தில் இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. றிஸ்வானோடு நானும் ஏறினேன். மாங்குளத்தில் திரும்பினால் ஒட்டுசுட்டான் பாதை முழுக்கப் பள்ளமும் கிடங்கும் தண்ணீரும். ஒலுமடுவுக்குக் கிட்ட ஒரு பாலம் அரித்துப்போய், இறங்கித் தள்ள வேண்டி வந்தது. திரும்பி வரும்போது பொழுதுபட்டால் யானை நிற்கும் என்று சாரதி முணுமுணுத்துக்கொண்டே வந்தார். போகிற வழி முழுக்க எனக்கு ஒரே யோசனை: இதுவும் வேறு பரமேஸ்வரியாக இருந்தால்?

பள்ளிக்கூடக் கிணற்றடியில் அந்தப் பரமேஸ்வரி உடுப்பு அலம்பிக்கொண்டிருந்தார். றிஸ்வான் தூரத்திலிருந்தே "அவாதான் மிஸ், நான்தான் படம் எடுத்தனான்" என்றார். கிட்டப் போய், சுவிஸில் இருந்து மகள் எடுத்தவா, கதைக்க வேண்டுமாம் என்றேன்.

அவர் கையில் இருந்த சட்டையைப் பிழிந்து முடித்தார். "எந்த மகள்?"

"வதனி."

வாளியை அப்படியே விட்டுவிட்டு எழும்பினார். முகத்தைக் கழுவி, யாரிடமோ ஒரு சீலை வாங்கிக் கட்டிக்கொண்டு வந்து வானில் ஏறினார். மாங்குளம் வந்ததும் வெளியே பார்த்தபடியே கேட்டார்.

"இஞ்ச எல்லாருக்கும் வெளியில இருந்து வந்தது. என்ர பிள்ளை மட்டும் ஏன் தேடேல்லை?"

உலாவி, இணைப்பு, இரண்டு வழி என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். விளங்கியதால் அல்ல, என்னில் இரக்கப்பட்டு. கடைசியில், "அவா தேடினவா அம்மா. உங்கட பேருக்கு மேல நாங்கள் வேற ஆளைக் காட்டிப்போட்டம்" என்றேன். அது விளங்கியது. "அப்ப அவளில பிழையில்லை" என்றார். அதற்குப் பிறகு கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தார்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது பணிப்பாளர் வாசலில் நின்றார். வதனி காலையிலிருந்து விடாமல் எடுத்தபடி இருந்தாராம். தொலைபேசி திரும்பவும் அடித்தது. நான் எடுத்துப் பரமேஸ்வரி அம்மாவிடம் கொடுத்தேன்.

"ஆர்? வதனியோ?"

மறுபக்கத்திலிருந்து வந்த அலறல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. றிஸ்வான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா அழவில்லை. தொலைபேசி வாங்கியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ஓம், நான்தான். நான்தான். அழாத. அப்பா இல்லை பிள்ளை, கொப்பர் போயிட்டார். நான் இருக்கிறன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மகள் ஏதோ சொல்லிக்கொண்டே போனார். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். திடீரென்று அவருடைய முகம் மாறியது.

"என்னடி சொல்லுறாய்? ஆற்ற படத்துக்கு? எனக்கோ மாலை போட்டிருக்கிறாய்?"

அவர் வாங்கியை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"கழட்டு. பிறகில்லை, இப்ப. போய்க் கழட்டிப்போட்டு வந்து கதை. நான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்."

செய்மதித் தொலைபேசிக் கட்டணம் என்றால் துள்ளி எழும்புகிற பணிப்பாளர், அவருக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். அவர் இருக்கவில்லை. வாங்கியைக் காதில் வைத்தபடி நின்றார். நாங்களும் நின்றோம். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு எங்களைப் பார்த்துத் தணிந்த குரலில் சொன்னார்:

"அங்க கதிரை இழுக்கிற சத்தம் கேக்குது. படத்தை உயரத்தில கொழுவிப்போட்டாள் போல."